எல்லைக் கல்: காட்டுக்குக் கையெழுத்துப் போடுவது யார்?
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் நான் எழுதிய ஒரு சின்னப் பத்திக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. 2024 ஓகஸ்டில் அமெரிக்காவின் ராப்பிட் சிற்றியில் உலக வனாந்தர மாநாடு நடந்தது, அந்த மண்ணின் பழங்குடிகளான லக்கோட்டா மக்களே வீட்டுக்காரர்களாக நின்று அதை நடத்தினார்கள் என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான். திருகோணமலைக் கடிதங்களில் பாதி இதைப் பற்றியே இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் காணித் தகராறு, வேலிச் சண்டை, உறுதி தொலைந்த கதை எல்லாம் அடுத்த இதழுக்கு. கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, காட்டைப் பற்றி மாநாடு நடத்தக் காட்டு மக்கள் தலைமை தாங்கினார்கள் என்பதில் என்ன பெரிய செய்தி? அது இயல்புதானே?
– பல்கலைக்கழக மாணவி, திருக்கடலூர்

இயல்பாக இருந்திருக்க வேண்டியதுதான் பிள்ளை. நடந்தது அப்படியில்லை.

இந்த மாநாட்டின் தொடக்கமே இரண்டு பேரின் நட்பு. ஒருவர் இயன் பிளேயர், தென்னாபிரிக்காவின் வெள்ளைக்கார வனக் காவலர். மற்றவர் மக்குபு இன்டொம்பேலா, சூலு இனத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். காண்டாமிருகத்தின் தடம் பார்க்கவும் காற்றின் வாசம் பிடிக்கவும் பிளேயருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். தன் ஆசான் என்று பிளேயர் கடைசிவரை அவரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காண்டாமிருகம் அழிந்துபோகாமல் இருப்பதற்கு 1960களில் உம்ஃபொலோசிக் காட்டில் நடந்த வேலை பெரிய காரணம். அந்த வேலைக்காரர்களில் இந்த இருவரும் உண்டு. 1977இல் ஜொஹானஸ்பேர்க்கில் முதல் மாநாடு கூடியது. எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிப் பேச வைப்போம் என்று யோசனை சொன்னதே மக்குபுதான் என்பார்கள். நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அந்த நாட்டில் அவருக்கு வாக்குரிமை கிடையாது. 1993இல் இறந்துபோனார், முதல் பொதுத் தேர்தலைப் பார்க்காமலே.

யோசனை சொன்னவரைப் போன்ற மண்ணின் மக்கள் வீட்டுக்காரர் ஆசனத்தில் உட்கார நாற்பது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. செய்தி அதுதான்.

மாநாடு நடந்த இடத்தையும் பாருங்கள். ராப்பிட் சிற்றி, கறுப்பு மலைகளின் அடிவாரம். லக்கோட்டா மொழியில் ஹே சாப்பா. அது அவர்களுடையது என்று 1868இல் அமெரிக்க அரசே ஃபோர்ட் லாரமி உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டது. 1874இல் மலையில் தங்கம் இருப்பது தெரிந்தது. 1877இல் மலை பறிபோனது. பிறகு நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை அதிலேயே செதுக்கினார்கள், படத்தில் பார்த்திருப்பீர்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிலம் நியாயமில்லாமல் எடுக்கப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லி, வட்டியோடு பத்துக் கோடி டொலருக்கு மேல் நட்டஈடு உறுதிசெய்தது. லக்கோட்டாக்கள் வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை. அந்தப் பணம் வட்டியேறி நூறு கோடி டொலரைத் தாண்டி அரசின் கணக்கில் கிடக்கிறது. அமெரிக்காவில் மிக ஏழ்மையான பழங்குடி ஒதுக்கிடங்கள் சிலவற்றில் இருக்கும் மக்கள் சொல்கிற வார்த்தை: மலை விற்பனைக்கு இல்லை.

காணி வழக்குகளில் எத்தனையோ சமரசம் பார்த்த நில அளவையாளன் நான். கையெழுத்துப் போட்டால் காசு என்ற இடத்தில் இத்தனை வருடம் பேனாவைத் தொடாமல் இருக்கிற ஒரு சனத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: உலகின் பல்லுயிரில் 80 சதவீதம் பழங்குடிகளின் கையில்தான் பத்திரமாக இருக்கிறது என்று என் மகனின் பாடக் குறிப்பில் இருக்கிறது. உண்மையா?
– தந்தை ஒருவர், கிண்ணியா

மகனிடம் சொல்லி அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். பெரிய பெரிய சர்வதேச அறிக்கைகளில் எல்லாம் அந்த எண் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. 2024 செப்டெம்பரில் நேச்சர் என்ற விஞ்ஞான சஞ்சிகையில் சில ஆய்வாளர்கள், பழங்குடி ஆய்வாளர்களும் சேர்ந்து, அந்த எண்ணுக்கு அடித்தளமே இல்லை என்று எழுதினார்கள். உலகில் எத்தனை உயிரினம் இருக்கிறது என்றே யாரும் முழுதாக எண்ணி முடிக்கவில்லை. அதில் 80 சதவீதத்தை எப்படி அளப்பது? ஒரு அறிக்கையைப் பார்த்து அடுத்த அறிக்கை எழுதியிருக்கிறது.

அதற்குப் பதிலாக இதை எழுதச் சொல்லுங்கள். 2018இல் வெளியான ஒரு ஆய்வு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கணக்குப் பார்த்தது. 87 நாடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீற்றர் நிலம் பழங்குடிகளின் உரிமையில் அல்லது பராமரிப்பில் இருக்கிறது. பூமியின் தரைப்பரப்பில் காற்பங்கு. உலகின் பாதுகாக்கப்பட்ட தரைப்பகுதிகளில் சுமார் 40 சதவீதம் அந்த நிலத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. இது அளந்த எண். அளந்த எண்ணே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது ஊதிப் பெருப்பித்த எண் எதற்கு? பொய்யென்று தெரிந்த அன்றைக்கு எதிராளிக்கு அது வசதியாகிவிடும்.

கேள்வி: மனிதன் இருக்கும் இடத்தில் மிருகம் இருக்காது. வேலி போட்டு ஆட்களை வெளியே வைத்தால்தான் காடு மிஞ்சும். பழங்குடி என்றாலும் அவர்களும் வேட்டையாடுகிறவர்கள்தானே? சும்மா உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்லவும்.
– ஓய்வுபெற்ற அதிபர், சாம்பல்தீவு

சரி அதிபர் ஐயா, உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டே சொல்கிறேன்.

வேலி போடும் யோசனை 1872இல் அமெரிக்காவில் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவோடு உலகத்துக்குப் பரவியது. அங்கே மலையாட்டை வேட்டையாடி வாழ்ந்த ஷொஷோனி மக்கள் இருந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அப்புறம் வந்தவர்கள் ஆளில்லாத காட்டைப் பார்த்து, இது ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நம்பிக்கொண்டார்கள்.

ஆட்களை எடுத்தால் காடு என்ன ஆகும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் வடக்கில், மேற்கு ஆர்னெம் நிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பழங்குடிகள் மழை முடிந்து புல் காயத் தொடங்கும் காலத்தில், இரவுப் பனி இருக்கும்போது, சின்னச் சின்னத் துண்டாக நெருப்பு வைப்பார்கள். அந்த நெருப்பு முழங்கால் உயரத்துக்கு எரிந்து தானே அணைந்துவிடும். எரிந்ததும் எரியாததுமாகத் துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டில், கோடையின் கடைசியில் மின்னல் விழுந்து பெருந்தீ பிடித்தாலும் அது பரவி ஓடுவதற்கு வழியில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்த மக்களில் பெரும்பாலோர் மிஷன்களுக்கும் குடியேற்றங்களுக்கும் போனார்கள். மேட்டுநிலத்தில் ஆளில்லை. காய்ந்த புல் வருடக்கணக்கில் சேர்ந்து, கோடைக் கடைசித் தீ ஒரேயடியாகப் பல நூறு சதுர கிலோமீற்றரை உருவிக்கொண்டு போனது. தீயைத் தாங்காத மரங்கள் செத்தன, சின்னப் பிராணிகள் குறைந்தன.

பார்டயல் நஜமெரெக் என்ற முதியவர், பாறை ஓவியம் வரையத் தெரிந்த கடைசித் தலைமுறைக்காரர், கபுல்வர்னம்யோ என்ற இடத்தில் குடியிருப்புப் போட்டு, குடும்பத்தோடு மேட்டுக்குத் திரும்பினார். விஞ்ஞானிகளைக் கூட்டிக்கொண்டு நடந்து, எந்த மாதம், எந்தக் காற்று, எந்தப் புல் என்று காட்டினார். அதிலிருந்து பிறந்த தீ முகாமைத்துவத் திட்டம் 2006இல் தொடங்கியது. பெருந்தீ குறைந்தால் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும் வாயுவும் குறையும், அந்தக் குறைவுக்கு ஒரு எரிவாயு நிறுவனம் வருடாவருடம் பணம் கட்டியது. அந்தப் பணத்தில் பழங்குடி இளைஞர்கள் வனக் காவலர்களாகச் சம்பளம் வாங்குகிறார்கள். இன்றைக்கு ஹெலிகொப்டரிலிருந்தும் நெருப்புப் போடுகிறார்கள், செய்மதிப் படமும் பார்க்கிறார்கள். எங்கே எப்போது போடுவது என்ற முடிவு மட்டும் அந்தந்த நிலத்துக்கு உரிய குடும்பத்துடையது.

வேட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், வேட்டையாடுவார்கள். தவறும் செய்வார்கள். அமேசனின் கயப்போ மக்கள் காட்டுக்காக உயிரைக் கொடுத்துப் போராடியவர்கள், ஆனால் 1980களில் அவர்களுடைய தலைவர்களில் சிலரே மரக் கம்பனிகளுக்கும் தங்கம் தோண்டுகிறவர்களுக்கும் அனுமதி கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். பழங்குடி என்றால் தேவர் இல்லை. நான் கேட்கிறது வேறு. தவறு நடந்தால் திருத்துகிற அதிகாரம் அங்கேயே இருக்கிற, அந்தத் தவறால் பட்டினி கிடக்கப்போகிற ஆளிடம் இருப்பது நல்லதா, முந்நூறு கிலோமீற்றர் தள்ளிக் கதிரையில் இருப்பவரிடம் இருப்பது நல்லதா?

கனடாவில் இதற்கு இரண்டு மாதிரி இருக்கிறது. மேற்குக் கரைத் தீவுகளில் ஹைடா மக்கள். 1985இல் மரம் வெட்டும் பாதையில் போய் உட்கார்ந்தார்கள், முதியவர்கள் உட்படக் கைதானார்கள். 1993இல் குவாய் ஹானாஸ் ஒப்பந்தம் வந்தது. நிலம் தங்களுடையது என்று ஹைடாவும் எழுதியது, தன்னுடையது என்று கனடாவும் எழுதியது, இரண்டு பேரும் ஒரே தாளில்! அந்தப் பிணக்கை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, காப்பது எப்படி என்பதற்கு மட்டும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் உள்ள ஒரு சபை அமைத்தார்கள். காணிப் பிணக்கைத் தீர்க்காமலே வேலையை நடத்தலாம் என்று எனக்குக் காட்டிய முதல் ஆவணம் அது. நம் ஊரில் இரண்டு பேர் ஒரு வேலிக்காக மூன்று தலைமுறை வழக்காடுவார்கள், நடுவில் கிணறு தூர்ந்துபோகும்.

மற்றது வடக்கில் தைடேனே நெனே என்ற நிலம். 1970ஐ ஒட்டி அங்கே தேசியப் பூங்கா வைக்க அரசு வந்தபோது, லுட்செல் கே என்ற ஊரின் தலைவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பூங்கா வந்தால் வேட்டையும் மீன்பிடியும் போய்விடும் என்ற பயம். சில நூறு பேர் கொண்ட ஊர் அது. பிறகு அதே ஊர்க்காரர்களே வந்து, எங்கள் நிபந்தனையில் பூங்கா வையுங்கள் என்றார்கள். சுரங்கக் கம்பனிகள் வைரம் தேடி வந்துகொண்டிருந்தன. 2019இல் 26,376 சதுர கிலோமீற்றர் பாதுகாப்புக்கு வந்தது. இலங்கையின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வையுங்கள். வேட்டை உரிமை அப்படியே இருக்கிறது. காவல் செய்பவர்கள் ஊர்ப் பிள்ளைகள். முடிவு எடுப்பதில் ஊருக்கும் பங்கு.

நியூசிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தெ உரெவெரா 1954 முதல் தேசியப் பூங்கா. 2014இல் சட்டம் போட்டு, அந்தக் காட்டை அரசின் உடைமையிலிருந்து எடுத்து, காட்டையே தன் பெயரில் உரிமை உள்ள ஒரு சட்ட ஆளாக்கிவிட்டார்கள். அதற்காகப் பேசும் சபையில் முதலில் அந்தக் காட்டின் பழங்குடிகளான தூஹோ மக்கள் நால்வர், அரசு சார்பில் நால்வர். மூன்று வருடத்துக்குப் பிறகு தூஹோ ஆறு, அரசு மூன்று. இந்த ஆறும் மூன்றும்தான் ஐயா தலைமை. மேடையில் இறகுத் தொப்பியோடு நிற்க வைத்துப் படம் எடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நல்ல முடிவு இல்லை. கென்யாவின் மாவு காட்டில் ஒகியெக் மக்களை வெளியேற்றியது தவறு என்று 2017இல் ஆபிரிக்க நீதிமன்றம் சொன்னது. 2023இல் மறுபடி வெளியேற்றினார்கள். காரணம் அதே பழைய காரணம்: காட்டைக் காப்பாற்றுகிறோம்.

கேள்வி: கோணேசர் கோயில் பாதையில் நிற்கும் மான்களுக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?
– சிறுவன், நான்காம் ஆண்டு, திருகோணமலை நகர்

கொடுக்காதே தம்பி. பையோடு கொடுக்கவே கொடுக்காதே. பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கேள்வி: நாங்களும் வேடர்தான் என்று என் அம்மம்மா சொல்லுவார். ஆனால் நாங்கள் தமிழ் பேசுகிறோம், கோயிலுக்குப் போகிறோம். பழங்குடி தினம் என்றால் தம்பானை வேடர் தலைவரைத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எங்களையும் சேர்த்துச் சொல்லலாமா? எங்களுக்கும் அந்த மாநாட்டில் பேசுகிற உரிமை எல்லாம் வருமா?
– இளம் தாய், மூதூர் கிழக்கு

உங்கள் கடிதத்துக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை.

சேர்த்துச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலிலேயே கிழக்குக் கரை வேடர்களுக்குத் தனி இடம் உண்டு. வாகரை, வெருகல், மூதூர் கிழக்கு வரை கரையோரமாக இருக்கிற உங்கள் சனம் அது. தமிழ் பேசுவதால் உரிமை குறையாது. ஹைடாக்களில் பெரும்பாலோர் இன்று பேசுவது ஆங்கிலம், அதனால் அவர்களுடைய கையெழுத்துச் செல்லாமல் போகவில்லை.

தம்பானைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். அவர்கள் பட்டதும் கொஞ்சமில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது, தலைமுறையாகத் தேன் எடுத்த, வேட்டையாடிய காடு ஒரே வர்த்தமானியில் அவர்களுக்குத் தடைசெய்த இடமாகிவிட்டது. பலரை மகாவலிக் குடியேற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். திசாஹாமி என்ற முதியவர் போகமாட்டேன் என்று தம்பானையிலேயே இருந்தார், 1998இல் காலமானார். அவருடைய மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய் ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் கூட்டத்தில் தன் காட்டைப் பற்றிப் பேசினார். இந்தத் தீவிலிருந்து ஒரு வேடர் தலைவரின் குரல் அங்கே கேட்டது பெரிய காரியம். உங்கள் பக்கத்திலிருந்தும் யாராவது பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். 1996இல் உங்கள் ஊர்களில் உயிரோடு இருப்பதே வேலை.

நான் உங்கள் பக்கம் வேலை செய்திருக்கிறேன். இளக்கந்தைப் பக்கம் ஒரு அளவுக்கோடு வெட்டிக்கொண்டு போனோம். கோடு வெட்டப் பிடித்த ஆட்களில் ஒரு வேடர் பெரியவர் இருந்தார். நேர்கோட்டில் ஒரு பாலை மரம். கத்தியை வைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். பொந்தில் தேனீ இருக்கிறது, இந்த மரத்துக்கு ஒவ்வொரு வருடமும் வரும், என் தகப்பன் எடுத்த மரம் என்றார். சரி என்று பக்கவாட்டில் விலகி அளந்து, மரத்தைச் சுற்றிப் போய்க் கோட்டைப் பிடித்தேன். அன்று மத்தியானம் சோற்றுப் பொதியோடு உட்கார்ந்தபோது எந்த மடுவில் ஆவணி வரை தண்ணீர் நிற்கும், எதில் நிற்காது, பாலைப்பழம் பழுக்கும்போது கரடி எந்தப் பக்கத்தால் வரும், எந்த இடத்தில் கிழங்கு தோண்டினால் ஒரு துண்டைத் திரும்பப் புதைத்துவிட்டு வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் கையிலிருந்த ஒரு அங்குலம் ஒரு மைல் வரைபடத்தாளில் அந்த இடம் முழுவதும் பச்சை மை. அவர் சொன்னதை எழுத என் களக்குறிப்புப் புத்தகத்தில் ஒரு நிரல் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அலுவலகப் பிரதியில் அது வராது.

2006இல் சண்டையில் மூதூர் கிழக்கே காலியானது உங்களுக்குத் தெரியும், நீங்கள் சின்னப் பிள்ளையாக நடந்து போயிருப்பீர்கள். ஆள் திரும்பி வரும் நேரத்தில் சேனைப் பயிர்நிலத்தில் பற்றை வளர்ந்துவிட்டது. வளர்ந்த பற்றையை வானத்திலிருந்து பார்த்தால் காடு. காடு என்றால் அதிகாரிகள் எல்லைக் கல் போடுவார்கள். இதில் அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கொடுத்த படத்தில் பச்சைதான் இருந்தது. கல்லைப் போடும் முன் ஊரில் யாரையாவது கூப்பிட்டு, இது என்ன இடம் என்று கேட்கிற பழக்கம்தான் நம் நாட்டில் இல்லை.

உரிமை என்று கேட்டீர்கள். 2007இல் ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளால் நிறைவேற்றியபோது இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்தவை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. மேலே நான் மாதிரி காட்டிய நாடுகளேதான்! பிறகு மனம் மாறினார்கள். பிரகடனம் சட்டம் அல்ல. சட்டமாகக் கட்டுப்படுத்தும் சர்வதேசத் தொழிலமைப்பின் 169ஆம் சமவாயத்தில் இலங்கை இன்னும் சேரவில்லை. 2022 டிசம்பரில் மொன்றியலில் உலக நாடுகள் 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்போம் என்று உடன்பட்டன. அதே வரியில் பழங்குடிகளின் பாரம்பரிய நிலங்களை அங்கீகரித்து, உரிமையை மதித்து என்றும் எழுதியிருக்கிறது. முதல் பாதி எண், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாம் பாதியை ஞாபகப்படுத்த வேண்டியவர்கள் நீங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக நிலாவெளிக் கடலில் தொழில் செய்கிறோம். புறாமலைத் தீவு எங்கள் கண்முன்னே கெட்டுப்போகிறது. நாங்கள் பழங்குடி இல்லை. எங்களை யார் கேட்பது?
– படகுக்காரர், நிலாவெளி

நீங்கள் பழங்குடி இல்லை அண்ணை, ஆனால் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்ற இன்னொரு கட்டம் அதே ஆவணங்களில் இருக்கிறது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் (நம்முடைய காலி இல்லை) நடந்த பல்லுயிர் மாநாட்டில் பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர்த்து ஒரு நிரந்தரத் துணை அமைப்பு உருவாக்க ஒப்புக்கொண்டார்கள். அது நிலாவெளிக்கு வந்து சேர எத்தனை வருடமாகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

புறாமலை 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. காகிதத்தில் காவல் கூடிக்கொண்டே வந்தது, கடலுக்கடியில் முருகைக்கல் உடைந்துகொண்டே வந்தது. விடுமுறை நாளில் இறங்குகிற கூட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹைடாக்களின் பழைய ஊர்களில் அந்த ஊர்க்காரர்களே கோடை முழுக்கத் தங்கிக் காவல் இருக்கிறார்கள். ஒரு நேரத்தில் கரையில் 12 பேர்தான். பதின்மூன்றாவது ஆள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் படகில் காத்திருக்க வேண்டும். உங்கள் படகுச் சங்கம் அப்படி ஒரு எண்ணைத் தானாகவே தீர்மானித்து எழுதிக் கொடுத்தால் என்ன? வருமானம் குறையும் என்பீர்கள். குறையும். முருகைக்கல் முடிந்தால் முழுதாகவே போகும், அது உங்களுக்கே தெரிந்ததால்தான் கடிதம் எழுதினீர்கள்.

கேள்வி: உதட்டில் வட்டத் தட்டு வைத்திருக்கும் அமேசன் தாத்தா யார்? அவர் ஜெயித்தாரா?
– வாசகர், உப்புவெளி

ரவோனி மெட்டுக்திரே, கயப்போ தலைவர். 1989இல் அல்தமிரா நகரில் பழங்குடிகள் திரண்டு ஷிங்கு ஆற்றின் அணைத் திட்டத்தை நிறுத்தியபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். பிறகு அதே ஆற்றில் பெலோ மொன்டே அணை வந்தே விட்டது, 2016இல் மின்சாரமும் எடுத்தார்கள். 2023 ஜனவரியில் லூலா ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது பக்கத்தில் ரவோனி நடந்து போனார், பிறேசிலில் பழங்குடிகளுக்கென்று ஒரு அமைச்சும் வந்தது. பாதி ஜெயம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற தலைவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருக்கிறார்களே. பெண்கள் இல்லையா? எங்கள் ஊர் மாதிரிச் சின்ன இடத்தில் என்ன செய்யத் தொடங்கலாம்?
– மாதர் சங்க உறுப்பினர், வெருகல்

இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதில். நெமோன்டே நென்கிமோ, ஈக்குவடோரின் வவோரானிப் பெண். அவர்களுடைய காட்டை எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஏலம் விட அரசு திட்டம் போட்டது. வழக்குப் போட்டார்கள். 2019இல் நீதிமன்றம், இந்த மக்களிடம் முறையாகக் கேட்கவில்லை என்று சொல்லி ஏலத்தைத் தடுத்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஏக்கர் காடு தப்பியது. அடுத்த வருடம் அவருக்குச் சுற்றுச்சூழலுக்காகப் போராடுகிறவர்களுக்குக் கொடுக்கும் கோல்ட்மன் பரிசு கிடைத்தது.

என்னைப் பிடித்தது பரிசு இல்லை. வழக்குக் காலத்தில் அவர்கள் தங்கள் காட்டுக்குத் தாங்களே வரைபடம் போட்டார்கள். அரசின் படத்தில் எண்ணெய்த் தொகுதிகளின் நேர்கோடு. இவர்களுடைய படத்தில் ஓடைகள், வேட்டைத் தடம், மீன் கிடைக்கும் இடம், மருந்துச் செடி நிற்கும் இடம். முதியவர்கள் காட்டக் காட்ட இளையவர்கள் கையில் கருவியோடு நடந்து குறித்தார்கள்.

இதற்கு நில அளவையாளர் பட்டம் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளின் கைபேசியிலேயே இடம் குறிக்க வழி இருக்கிறது. ஊரில் வயது போனவர்களில் நடக்கக் கூடியவர் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள், பாலைப்பழக் காலம் நல்லது, காடு காய்ந்திருக்கும். மடு, துரவு, பழைய சேனை, சடங்கு செய்கிற இடம், தோணி கட்டுகிற இடம், எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிற பெயரிலேயே எழுதுங்கள். பெண்கள் விறகுக்கும் கீரைக்கும் போகிற இடங்களை ஆண்களுக்குத் தெரியாது, அதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு பிரதி போடுங்கள். தேன்மரமும் மருந்து எடுக்கும் இடமும் ஊருக்குள் இருக்கும் பிரதியில் மட்டும். வெளியே காட்டுகிற பிரதியில் வேண்டாம், நாளைக்கே லொறியோடு ஆள் வரும்.

அப்புறம், உங்கள் பக்கத்துக் காட்டின் எல்லை எங்கே என்பதற்கு வர்த்தமானியில் விவரணம் இருக்கும், வடக்கே இது, கிழக்கே இது என்று. அதைக் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள், ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள், திகதி முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள். விவரணம் கிடைத்ததும் உங்கள் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எழுதுங்கள். பஸ் காசும் மத்தியானச் சோறும் போதும், நான் வருகிறேன்.